பேஸ் கிடார்காரருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில், ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை, கல்யாண மண்டபம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ரிசப்ஷன் என்றால் ஆர்கெஸ்ட்ரா உண்டு. ஆர்கெஸ்ட்ரா என்றால் முன்பெல்லாம் எட்டுப் பத்துப் பேர் மேடையில் இருப்பார்கள். இப்போது போய்ப் பாருங்கள். ஒரு பாடகர், ஒரு பாடகி, ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு லேப்டாப். சில இடங்களில் கீபோர்டும் இல்லை. லேப்டாப்பில் 'ட்ராக்' ஓடுகிறது, அதன் மேல் இரண்டு பேர் பாடிவிட்டுப் போகிறார்கள். இந்த ஆட்குறைப்பில் மேடையிலிருந்து முதலில் இறக்கப்பட்டவர் யார் என்று கவனித்தீர்களா? பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், யார் கண்ணிலும் படாமல் நின்று நீளக் கழுத்துள்ள நாலு கம்பி வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தாரே, அந்த பேஸ் கிடார்காரர்தான். அவரை இறக்கியது தப்பு என்பது என் கட்சி.

ரிட்டயர்டு அப்பர் டிவிஷன் கிளார்க்குக்கு இந்தக் கட்சி எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன்; அங்கே இலக்கணமும் கணக்கும் அடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள், சங்கீதம் சொல்லித் தரவில்லை. ஆனால் பத்துப் பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலை ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடியில் போய் உட்காருகிறேன். அங்கே கூடுகிறவர்கள் எல்லாம் பேஸ் கிடார் பைத்தியங்கள். மாடிக்குச் சொந்தக்காரர் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவர் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. மூன்றாமவர் முப்பது வருடம் ஆர்கெஸ்ட்ரா மேடைகளில் வாசித்தவர். இப்போது மணலி பக்கம் ஒரு கிடங்கில் இரவு வாட்ச்மேன். நாலாவது ஒரு பையன், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, எண்ணூரிலிருந்து பைக்கில் வருவான். ஐந்தாவதாக நான், கேட்பதற்கு மட்டும்.

அவர்கள் பேசுவதைக் கேட்டால் பாட்டைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். கம்பி, பிக்கப், ஆம்ப், ஒயர், இதே பேச்சு. முதல் பிரச்சினை கம்பி. கடல் காற்றில் உப்பு, மணலிப் பக்கத்துக் காற்றில் வேறு என்னென்னவோ. பேஸ் கம்பி ஒரு செட் ஆயிரக்கணக்கில் விலை. நம் காற்றில் சீக்கிரமே கறுத்துவிடும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் துணியால் துடைத்துத்தான் உறையில் போடுவார்கள். அப்படியும் ஓசை மங்கினால் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போடுவார்கள். விரல் எண்ணெயும் அழுக்கும் கழன்று கொஞ்ச நாளைக்குக் கணீரென்று ஒலிக்கும். விஞ்ச்காரர் ஒரு முறை இப்படி அடுப்பில் வைத்திருந்தபோது அவர் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, இன்னிக்கு இரும்பு ரசமா?" என்று கேட்டது எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் ஓடுகிறது.

இரண்டாவது பிரச்சினை, கம்பியில் எது நல்லது என்பது. மேல் சுற்று உருண்டையாக இருந்தால் சொரசொரப்பு, ஓசை பளிச்சென்று வரும். தட்டையாக இருந்தால் வழவழப்பு, ஓசை அடங்கி உருண்டு வரும். பையன் சொரசொரப்புக் கட்சி. அங்கிள் தட்டைக் கட்சி. அங்கிள் தன் கிடாரில் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி வைத்திருப்பார், ஓசை நீளாமல் 'டும்' என்று நிற்பதற்காக. "இன்னா அங்கிள், மெத்தை போட்டுத் தூங்க வெச்சிட்டீங்க" என்பான் பையன். "யூ வெயிட் மேன், உன் வயசுல நானும் இப்படித்தான் சத்தம் போட்டேன்" என்பார் அவர்.

மூன்றாவது, டோன் திருகு. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பேஸ் கிடாரில் டோன் என்று ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் கீழ் ஓசை கூடுகிறது என்றுதான் நான் வெகு நாள் எண்ணிக்கொண்டிருப்பேன் என்று நினைத்து, பையன் அதைக் கழற்றியே காட்டினான். உள்ளே மிட்டாய் அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அது எதையும் கூட்டுவதில்லை. உச்ச ஓசையை மட்டும் எர்த்துக்கு வழி திறந்து அனுப்பிவிடுகிறது. மிஞ்சி நிற்பது கீழ் ஓசை. மற்றவர்களைக் கழித்தே தன்னைப் பெரிதாகக் காட்டுவது! இந்த வித்தை தெரிந்த மேலதிகாரிகள் எல்லா ஆபீசிலும் உண்டு. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சாமானில் அளவை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டு, "இப்ப சதை வந்துச்சு", "இப்ப எலும்பு தெரியுது" என்று இவர்கள் பேசுவதைக் கேட்டால் கசாப்புக் கடையோ என்று சந்தேகம் வரும்.

நாலாவது, 'ஹம்' என்கிற இரைச்சல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்வது. எர்த் சரியில்லாவிட்டால் அந்த அதிர்வு பிக்கப் வழியாக ஆம்புக்குள் புகுந்து 'ம்ம்ம்' என்று நிற்கும். பேஸ் கிடாரின் தடித்த கம்பியை மூன்றாவது கட்டத்தில் பிடித்தால் வரும் ஜி சுரம் 49. அதாவது மின்வாரியம் இருபத்துநாலு மணி நேரமும் நமக்கு ஏறக்குறைய ஜி வாசித்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60, அங்கே இரைச்சலின் சுரமே வேறு. 1970-இல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டபோது, "நம்ம ஊரு பெரிய பேஸ் பிளேயர் ரிட்டயர் ஆயிட்டாரு" என்றார் விஞ்ச்காரர்.

வடசென்னைக்காரனுக்குக் கீழ் ஓசை புதிதில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடல் போக்குவரத்துக்கு சர்வதேச விதி ஒன்று இருக்கிறது: 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் ஊதல் 70-க்கும் 200-க்கும் இடைப்பட்ட அதிர்வில் இருக்க வேண்டும். சிறிய கப்பலுக்கு அதைவிட உச்சத்தில். இருட்டில், பனியில், ஊதலைக் கேட்டே எதிரே வருவது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள இது உதவும். பேஸ் கிடாரில் தடித்த கம்பியிலிருந்து எண்ணினால் மூன்றாவது டி. அதன் அதிர்வு 73. பெரிய கப்பல் ஊதுவதும் டி கம்பியைச் சுண்டுவதும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன என்று சொல்லலாம். திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிளின் தடதடப்பைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேசட் காலத்து டீக்கடைகள் நினைவிருக்கிறதா? ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்து மேலே தொங்கவிட்டிருப்பார்கள். பானைக்குள் காற்று அதிர்ந்து கீழ் ஓசை பெருகி வரும். எந்த இன்ஜினியரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கீழ் ஓசைக்கு நம் ஜனங்கள் எவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு அந்தப் பானைகளே சாட்சி. இன்றைக்கு அதே ஜனங்கள் செல்போனைக் காதருகில் வைத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். அந்தக் கடுகளவு ஸ்பீக்கரில் பேஸ் கிடாரின் அடி அதிர்வு வரவே வராது. தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த ஒலி அலை ஒன்றின் நீளம் 27 அடிக்கு மேல். அதைச் சட்டைப் பையில் எப்படி மடித்து வைப்பது? மேலே உள்ள துணை அதிர்வுகளைக் கேட்டு, கீழே இன்னது இருக்க வேண்டும் என்று நம் மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. ஏட்டில் எழுதிய சர்க்கரை. ஆனால் சுவருக்கு இந்த நீள அலையைத் தடுக்கத் தெரியாது. மூன்று தெரு தள்ளி ரிசப்ஷன் நடந்தால் நம் வீட்டுக்குப் பாடகர் வருவதில்லை, வயலின் வருவதில்லை. பேஸும் டிரம்ஸும்தான் வந்து கதவைத் தட்டும். ஆளைப் பார்க்காவிட்டாலும் நாம் எல்லோரும் கேட்டிருப்பது அவரைத்தான்.

பிரெஞ்சில் எழுத்துக்கு மேல் போடும் குறிகளில் 'எகு' என்று ஒன்று, 'கிராவ்' என்று ஒன்று. இரண்டையும் மாற்றிப் போட்டால் எங்கள் வாத்தியார் ஸ்கேலால் விரல் முட்டியில் போடுவார். சங்கீதத்தில் உச்ச ஓசைக்கும் அதே எகு, கீழ் ஓசைக்கும் அதே கிராவ். கிராவ் என்றால் கனமான, முக்கியமான என்றும் பொருள். நம் தமிழிசையில் மூன்று நிலைகளுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். கீழ் நிலைக்கு மெலிவு! தொண்டையால் பாடுகிறவன் வைத்த பெயர் என்பது தெரிகிறது. கீழே போனால் அவனுக்குக் குரல் மெலியும். ராகத்தை ஒற்றைக் கோடாகப் பாடும் நம் கச்சேரியில் கீழே நிற்க சுருதிப் பெட்டி போதும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுரங்களை அடுக்கிக் கட்டும் சினிமாப் பாட்டுக்கு அது போதாது. அங்கே அஸ்திவாரம் வேண்டும். அந்த இடத்தில் எனக்கு பிரெஞ்சுக்காரன் பெயர்தான் சரியாகப் படுகிறது.

அஸ்திவாரம் என்றால் யார் கண்ணிலும் படாது என்பதும் சேர்ந்தே வருகிறது. இந்த வாத்தியத்தைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர், 1951-இல். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஃபெண்டர் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரர். அதற்கும் முன்னால் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதியவர், ஆட்குறைப்பில் வேலை போனவர். அவருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. அரசாங்கக் குமாஸ்தா இனத்துக்கு இப்படியும் ஒரு பெருமை இருக்கிறது என்பதை இந்த வலைப்பூவில் பதிந்து வைக்கிறேன்.

ஆனால் அதை வாசித்தவர்கள்? அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனியின் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகமே ஆடிய பாட்டுகள். உறையில் அவர் பெயர் வந்தது 1971-இல், மார்வின் கேயின் ஓர் இசைத்தட்டில். அதே 1971-இல் பிரான்ஸில் செர்ஜ் கேன்ஸ்பூர் 'மெலடி நெல்சன்' என்று ஓர் இசைத்தட்டு போட்டார். அவர் பாடுவதே இல்லை, முணுமுணுக்கிறார். முழுத் தட்டையும் தூக்கிக்கொண்டு போவது பேஸ் கிடார். வாசித்தது டேவ் ரிச்மண்ட் என்கிற ஆங்கிலேயர். உறையில் பெயர் இல்லாததால் பல வருடங்கள் ஜனங்கள் வேறொருவர் வாசித்ததாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலை ஒருவனுடையது, பெயர் இன்னொருவனுக்கு! ஃபைலில் நோட் எழுதிப் பழகிய நமக்கு இந்த வலி தெரியாதா?

தமிழுக்கு வருவோம். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதிலிருந்து ஏழெட்டு வருடத்துக்குள் இளையராஜா பேஸ் கிடாரை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது நம் தலைமுறை காதால் கண்ட அதிசயம். அதுவரை பெரும்பாலும் பாட்டுக்குத் தாங்குகட்டையாக நின்ற வாத்தியத்துக்கு அவர் தனியாக ஒரு மெட்டே எழுதினார். மேலே பாடகர் ஒரு வழியில் போக, கீழே பேஸ் வேறொரு வழியில் நடந்து, வாக்கியம் முடியும் இடத்தில் இரண்டும் சந்திக்கும். எல்லாம் அவர் கையால் எழுதிய நோட்டேஷன். அதை வாசித்தவர்களில் முக்கியமானவர் சசிதரன். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டில் எல்லோருக்கும் சந்திரசேகரின் கிடார் நினைவிருக்கும். அடுத்த முறை அந்தக் கிடாரை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். நல்ல ஸ்பீக்கரில், தயவுசெய்து. ரஹ்மான் காலத்தில் ஒரு நல்ல பழக்கம் வந்தது. கேசட் அட்டையில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சடித்தார்கள். பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ் என்று நாம் படித்தது அப்படித்தான். இன்று செல்போனில் பாட்டு வருகிறது; அட்டையும் இல்லை, பெயரும் இல்லை.

ஸ்டூடியோக்காரர்கள் கதையே இப்படி என்றால் மண்டப மேடைக்காரர்களை யார் கேட்பது? எங்கள் வாட்ச்மேன் நண்பர் பர்மா பஜாருக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் அலைந்து, பழைய கிடார் ஒன்றை வாங்கி, கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு இந்த மெட்டுகளையெல்லாம் பிடித்தவர். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது சொந்த வீடு எரிந்தது போல் இருந்தது என்பார். காகிதம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. கேசட்டின் நாடா தேய்ந்து போகும் வரை ஒரே இடத்தைக் கேட்பது. ஏறக்குறைய முந்நூறு பாட்டு அவர் விரலில் இருக்கிறது. அந்த விரல் இப்போது கிடங்கு வாசலில் டார்ச் லைட் பிடிக்கிறது.

கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசித்துவிடுகிறாரே, ட்ராக்கில் ஒரிஜினல் பேஸே இருக்கிறதே என்பார்கள். ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர் பக்கமும் நியாயம் உண்டு. பேசிய தொகையைப் பத்தாகப் பங்கு போடுவதைவிட நாலாகப் போட்டால் நாலு பேருக்காவது வயிறு நிறையும். மண்டப வாடகைக்கும் பிரியாணிக்கும் கணக்குப் பார்க்காத வீட்டுக்காரர்கள் ஆர்கெஸ்ட்ராவிடம் மட்டும் பேரம் பேசுகிறார்கள். ஆனால் ட்ராக் செய்ய முடியாத ஒரு காரியம் இருக்கிறது. அது காத்திருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் தண்டையார்பேட்டையில் ஒரு பணி ஓய்வு விழாவில், பாட ஆசைப்பட்டு மேடையேறிய ஒரு பெரியவர் இரண்டாவது சரணத்தை விட்டுவிட்டு மூன்றாவதுக்குத் தாவிவிட்டார். அன்றைக்கு பேஸ் வாசித்தது எங்கள் வாட்ச்மேன். தலையை லேசாக டிரம்ஸ் பக்கம் ஆட்டினார், கம்பியில் இரண்டு சுரம் இறங்கினார், பெரியவர் போன இடத்தில் போய் நின்றார். மொத்தக் குழுவும் அவர் பின்னால் திரும்பிவிட்டது. கீழே இருந்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. பெரியவருக்கே தெரியவில்லை, நன்றாகப் பாடினோம் என்று சந்தோஷமாகப் போனார். ட்ராக்காக இருந்திருந்தால் அது பாட்டுக்கு இரண்டாவது சரணத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், சபை சிரித்திருக்கும்.

இப்போது குடி விஷயம். சொல்லாமல் விட்டால் எங்கள் மாடிக்காரர்களே சிரிப்பார்கள்.

பாண்டிச்சேரிக்காரன் என்றாலே பாட்டிலோடு பிறந்தவன் என்று இந்த ஊரில் ஒரு நம்பிக்கை. நான் வேலைக்கு வந்த காலத்தில் தமிழ்நாட்டில் மதுவிலக்கை 1971-இல் தளர்த்தினார்கள், 1974-இல் திரும்ப மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். மூடியிருந்த வருடங்களில் நான் ஊருக்குப் போகிறேன் என்று லீவ் எழுதினால், ஆபீசில் அதுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட வந்து தோளில் கை போடுவார்கள். வெறுங்கையோடு திரும்பிய பிறகு மறுபடி முகம் திரும்பிவிடும். நான் மதுவிலக்குப் பிரசாரகன் இல்லை. எங்கள் வீட்டில் பண்டிகை நாளில் பெரியவர்கள் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. மாடியிலும் அங்கிள் ஒரு பீர் உடைப்பார், விஞ்ச்காரர் கொஞ்சம் ரம். காசிமேட்டு நெத்திலி வறுவலோ, பீச் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பையன் கட்டி வரும் அத்தோவோ இருக்கும். பேச்சு நன்றாகத்தான் ஓடும்.

என் கோபம் வேறு. ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் பேட்டாவைக் குறைத்து, "பின்னாடி ரூம்ல சரக்கு வெச்சிருக்கோம்ணே" என்று சொல்கிறார்களே, அந்த மரியாதை மேல். ஒலிபெருக்கி 10 மணிக்கு நிற்க வேண்டும் என்பது சட்டம். டாஸ்மாக்கும் 10 மணிக்கு மூடுகிறது. அதனால் கச்சேரி ஆரம்பிக்கும் முன்பே பாட்டில் மேடைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கூலியில் ஒரு பங்கைக் குடியாகக் கொடுப்பது உபசாரம் இல்லை. பாடகருக்குத் தொண்டை கெடும் என்று மறுக்க ஒரு சாக்கு இருக்கிறது. பின்வரிசைக்காரருக்கு அதுவும் இல்லை. வேண்டாம் என்றால் 'பிகு பண்றான்' என்று பெயர். அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது.

ஜேமர்சன் புகழ்பெற்ற ஒரு பாட்டைப் போதையில் உட்கார முடியாமல் தரையில் படுத்துக்கொண்டே வாசித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். பையன் அதை வீரக் கதையாகச் சொன்னான். நான் முடிவையும் சொல் என்றேன். 1983-இல் ஈரல் கெட்டு இறந்தார், வயது 47. பிடில் மாதிரி கட்டமில்லாத பேஸ் கிடாரில் உலகத்தை மிரட்டிய ஜேகோ பஸ்டோரியஸ் 1987-இல் ஒரு கிளப் வாசலில் அடிபட்டு இறந்தார், வயது 35. அவர்கள் வாசித்தது குடியால் இல்லை, குடியையும் மீறி. இதைச் சொன்னால் விஞ்ச்காரர், "சார் ஆரம்பிச்சிட்டாரு" என்று டம்ளரை எட்டித் தள்ளி வைத்துவிட்டு, நான் முடித்ததும் திரும்ப எடுப்பார்.

தூரத்து உதாரணம் வேண்டாம். எங்கள் மாடியிலேயே ஆறாவதாக ஒருவர் இருந்தார். எங்கள் பகுதியில் தெரிந்த ஆர்கெஸ்ட்ராக்கள் எல்லாவற்றிலும் வாசித்தவர். கை நடுக்கம் வந்தது. ஒரு மடக்கு உள்ளே போனால்தான் விரல் நிற்கும் என்ற நிலை வந்தது. ஐம்பது தாண்டவில்லை. அவர் மனைவி கிடாரை விற்க வேண்டும் என்றபோது, கல்கத்தாவில் செய்த பழைய ஹாப்னர், சந்தையில் பெரிதாக ஒன்றும் போகாது. பையன்தான் வாங்கினான். அவன் கொடுத்தது அந்தக் கிடாரின் விலை இல்லை. அவனிடம் அதைவிட நல்ல வெளிநாட்டுக் கிடார் இரண்டு இருக்கிறது. பழைய கிடாரில் மட்டும் இன்னும் கம்பி மாற்றவில்லை. கறுத்துப் போய் இருக்கிறது. கொதிக்க வைக்கவும் விடுவதில்லை. டோன் காசில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்ற எங்கள் பழைய சண்டையில் அவன் எந்தக் கட்சி என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கிடாரை எடுத்தால் அன்றைக்கு அவன் டம்ளரைத் தொடுவதில்லை என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் பலர் இன்னும் ஒன்றிரண்டு கல்யாணத்துக்குப் பணம் கொடுக்கப் போகிறவர்கள். ஆர்கெஸ்ட்ரா பேசும்போது எத்தனை பாட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். பேஸ் வாசிக்க ஆள் உண்டா என்று கேளுங்கள். கூட ஆகும் தொகை, பந்தியில் வீணாகும் ஐஸ்கிரீம் கணக்கைவிடக் குறைவு. எல்லோருக்கும் பேசிய பணத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். பின் ரூமில் டீயும் சாப்பாடும் வையுங்கள். மூன்று மணி நேரம் நாலைந்து கிலோ கட்டையைத் தோளில் மாட்டி நிற்கிறவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பாடகர் வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்யும்போது, 'மற்றும் குழுவினர்' என்று முடித்துவிடாமல் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்.

என் பேத்திக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். ஆர்கெஸ்ட்ரா தம்பியிடம் பேசியாயிற்று. லேப்டாப் வேண்டாம், பேஸ் கிடார் வேண்டும் என்றதும், "ஆளத் தேடணுமே சார், இப்ப யார் வாசிக்கிறா?" என்றார். மணலியில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சொல்லி நம்பர் கொடுத்திருக்கிறேன்.